உருகாத கம்பி

“மெயின் பெட்டியத் திறந்து காட்டுங்கப்பா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது சின்னவளுக்கே உறைத்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. உள்ளறையில் மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டிருந்த அக்கா, தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு ஆமை மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்பா பேப்பரைக் கீழே வைக்கவில்லை. பேப்பருக்குப் பின்னால் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மேலே படிக்க வேண்டும் என்று கேட்டாள், கிடைத்தது. கல்யாணம் இப்போது வேண்டாம் என்றாள், முணுமுணுப்போடு அதுவும் கிடைத்தது. அப்பா கை வைத்த வேலையைத் திறந்து காட்டச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா அவள் காதில் ஓதிவைத்த சட்டம் அது. எப்போதோ வெளியிலிருந்து வந்த ஒரு எலக்ட்ரீஷியன், இந்த வரிசையில் ஒரு வீட்டில் நின்று, “யார் பண்ணினது இது, திறந்து ஒரு பார்வை பாக்கட்டா?” என்று கேட்டுவிட்டான். அப்பா மூன்று நாள் சோற்றில் கை வைக்கவில்லை.

பதினெட்டு வீடுகள் கொண்ட வரிசை அது. சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டியவை. இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு ஆயுசு’ என்பார்கள். பதினெட்டுக்கும் கரண்ட் வேலை அப்பாதான். ‘கரண்ட்டண்ணன்’ என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். கரண்ட்டண்ணன் கை பட்ட வீட்டில் ஃபியூஸ் போகாது என்பது வரிசைக்கே பெருமை. பக்கத்துத் தெருவில் கெட்டிலும் மிக்ஸியும் ஒன்றாகப் போட்டால் வீடே இருண்டுபோகும். இங்கே கெட்டில், மிக்ஸி, குக்கர், இஸ்திரிப் பெட்டி என்று ஒரே நேரத்தில் எல்லாம் ஓடும், விளக்கு கண் சிமிட்டாது. “ஃபியூஸ்னா என்ன நிறம்னு கேளுங்க, எங்களுக்குத் தெரியாது” என்று பெண்கள் குழாயடியில் அலட்டிக்கொள்வார்கள்.

சின்னவளும் அலட்டிக்கொண்டவள்தான், வேலையில் சேரும்வரை.

ஊர் ஓரத்தில் இருக்கும் ஒரு சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வீட்டுச் சாமான்கள் கடைக்குப் போகும் முன்னால் அங்கே வரும். கெட்டிலைத் தண்ணீரில்லாமல் கொதிக்கவிடுவது, டோஸ்டரில் ரொட்டி கரியாகும்வரை காத்திருப்பது, மிக்ஸியின் கத்தியைச் சுற்றவிடாமல் பிடித்து மோட்டாரைத் திணறடிப்பது, ப்ளக்கின் காலில் வெப்பமானியை ஒட்டி டிகிரி டிகிரியாக எழுதுவது. எந்தச் சாமான் எத்தனாவது நிமிஷத்தில் சாகும், சாகும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமா என்று பார்ப்பதுதான் உத்தியோகம். “குடும்பத்துலயே முதல் பட்டதாரி, பாத்திரத்த எரிச்சுப் பாக்கற வேலைக்குப் போறா” என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் பெருமையும் இருக்கும், குத்தலும் இருக்கும்.

எரித்துப் பார்த்ததில் அவள் கற்றது ஒன்று. தீ டமார் என்று வராது. பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும். பழுப்பு கறுப்பாகும். வாரக்கணக்கில், குக்கருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் அது நடக்கும். பிறகு ஒருநாள் புகை. அந்த முதல் புகையிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொள்ளும்வரை எவ்வளவு நேரம் என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறாள். ஊற்றி வைத்த டீ ஆறும் நேரம்கூட இல்லை.

பன்னிரண்டு நாளாக சிலிண்டர் வண்டி வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துச் சலித்த வரிசை, போன வாரத்தில் ஒட்டுமொத்தமாகக் கடைக்குக் கிளம்பியது. வீட்டுக்கு ஒரு கரண்ட் அடுப்பு வந்து இறங்கியது. ஏற்கெனவே குக்கரும் கெட்டிலும் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே அதையும் செருகினார்கள். ஃபியூஸ்தான் போகாதே, பிறகென்ன கவலை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு, சோறு வெந்துவிட்டதே என்று சின்னவள் குக்கரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். விரல் சுட்டது. ப்ளக்கைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய அடிப்பாகம் டீக்கறை நிறத்தில் இருந்தது. ஸ்விட்ச் போர்டில் கையை வைத்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. அங்கிருந்து மேலே போகும் வயர் பைப்பைத் தொட்டுக்கொண்டே போனாள். சூடு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பைப் சுவரேறி, நிலைப்படிக்கு மேலே வளைந்து, உள்ளறைக்குள் நுழைந்தது. உள்ளறையில் குழந்தையின் மெத்தை. மெத்தைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பைப்.

அதற்குப் பிறகுதான் கூடத்துக்கு வந்து, கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

“என்ன ஆபீசர்,” என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து. “லேப்ல கெட்டில் தீந்து போச்சா? வீட்டுக்கு வந்துட்டீங்க?”

“ப்ளக் பழுத்துக் கிடக்குப்பா. சுவரே சுடுது. ஃபியூஸ் போயிருக்கணும். ஏன் போகல?”

“போகாது. அதான் என் வேலை.”

“அதத்தான் பாக்கணும்னு சொல்றேன்.”

“ஏய், வாய மூடிட்டு உள்ள வா,” என்று அம்மா பல்லைக் கடித்தாள். “பெத்த அப்பன சோதனை போடறாளாம். இதுக்காடி படிக்க வச்சோம்?”

அப்பா பேப்பரை மடித்தார். நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. அவர் கத்தியிருந்தால் தேவலை. பொய் சொல்லத் தெரியாதவர் வாய்க்குள் வார்த்தையைத் தேடும்போது அப்படித்தான் பேப்பரை மடிப்பார்.

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வாசல் நிலைக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே இருந்தது பெட்டி. மெயின் ஸ்விட்சை இறக்கினாள். மின்விசிறி முனகி நின்றது. ஃபியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தாள். இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் ஆட்டி வெளியே எடுத்தாள்.

அந்தக் கட்டையில் தலைமயிர் மாதிரி ஒற்றைக் கம்பி இருக்க வேண்டும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அது தன்னை உருக்கிக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும். அதற்காகவே பிறந்த கம்பி. இருந்ததோ, வயரிலிருந்து உருவிய செம்புக் கம்பி. ஒன்றில்லை, மூன்று இழை. பின்னல் போட்டது போல, பார்க்க அழகாக, சீராக முறுக்கிய மூன்று இழை. அந்த முறுக்கு அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது அறுந்துபோன அவள் செருப்பு வாரை இதே முறுக்கால்தான் அப்பா கட்டிக் கொடுப்பார்.

இது உருகாது. இது உருகாவிட்டால் பைப்புக்குள் இருக்கும் வயர் உருகும்.

“எல்லா வீட்லயும் இதானாப்பா?”

அப்பா பேப்பரின் மடிப்பை விரலால் நீவினார்.

“பதினெட்டு வீட்லயும்?”

“பதினாலு,” என்றார் அப்பா. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நிமிர்ந்தார். “நாலு வீடு மாத்திட்டேன்.”

சின்னவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

“அப்ப தெரியும். உங்களுக்குத் தெரியும்.”

“ரெண்டு வருஷமாத் தெரியும்.” அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “நான் போட்டப்ப வீட்டுக்கு நாலு பல்பு, ரெண்டு ஃபேன். எப்பவாவது ஒரு மிக்ஸி. அப்புறம் ஒவ்வொண்ணா வாங்க ஆரம்பிச்சாங்க. ஃபியூஸ் போச்சுன்னு பாதிச் சாப்பாட்டுல கூப்பிடுவாங்க. ‘என்னண்ணே வேலை பாத்திருக்கீங்க’ன்னு கேப்பாங்க. ஒரு இழை கூட்டினேன். போகல. இன்னொரு இழை கூட்டினேன். அண்ணன் கை ராசின்னாங்க. அவங்ககிட்ட போய், அம்மா இந்தச் சுவரு இவ்வளவு தாங்காது, ஒவ்வொண்ணா போடுங்கன்னு சொல்லணும். சொன்னா இத்தன நாள் என்ன பண்ணினேன்னு கேப்பாங்கல்ல?”

“இவ்வளவும் தெரிஞ்சு சாயங்காலம் நிம்மதியா வாக்கிங் போறீங்களே...” என்றாள் சின்னவள்.

“வாக்கிங் எங்க போறேன்.” அப்பா தன் வலது கையைத் திருப்பி, புறங்கையைப் பார்த்தார். “ஒவ்வொரு வீட்டு மீட்டர் பலகையா தொட்டுப் பாத்துட்டு வரேன். சுடுதா, சுடலையான்னு.”

சர்க்கரைக்காக நடக்கிறார் என்று வீடே நினைத்துக்கொண்டிருந்தது. மழையில்கூடக் குடை பிடித்துக்கொண்டு போவார். என்ன ஒழுங்கு பாரு மனுஷனுக்கு என்று அம்மா மெச்சிக்கொள்வாள். அம்மாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு தரையில் போனது. அவள் எடுக்கவில்லை.

“நம்ம வீட்ட ஏன் மாத்தல?” என்றாள் சின்னவள். “நாலு வீடு மாத்தினீங்களே, கைக்குழந்த இருக்கற நம்ம வீட்ட ஏன்?”

“இங்க மாத்தினா இங்க ஃபியூஸ் போகும். கரண்ட்டண்ணன் வீட்லயே இருட்டுன்னா வரிசையே வந்து நிக்கும்.”

சின்னவள் கையிலிருந்த கட்டையை ஸ்டூல் மேல் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வளையல் சத்தம் கேட்டது. ஆறு வீடு தள்ளி இருக்கும் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடா தொங்க, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, எனக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் குடுங்க. இன்னிக்கே குடுங்க. இல்லன்னா அந்தக் கம்பவுண்டர நான் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவேன்.”

கம்பவுண்டர் அவளுக்கு அடுத்த வீடு. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை.

“என்ன ஆச்சு அத்த?” என்றாள் சின்னவள். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

“கருவாடும்மா! ஒரு வாரமா ஒரே கருவாட்டு நாத்தம். அதுவும் நேரம் பாத்து. நான் அடுப்ப வச்சா அவரும் அங்க வறுக்க ஆரம்பிச்சுடறாரு. நிறுத்தினா அவரும் நிறுத்திடறாரு. வேணும்னே பண்றாரு. கேட்டா, ‘நான் மீன தொட்டு மூணு மாசமாச்சு, நாத்தம் உன் வீட்லேருந்துதான் வருது’ன்னு என் மேலயே திருப்பறாரு, அந்தப் பெரிய மனுஷன். இப்பக்கூட பாலை வச்சிட்டு வந்திருக்கேன், மூக்க வைக்க முடியல.”

சின்னவளுக்கு அந்த வாசம் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் வாரம், “யாரு டிபன்ல மீன் கொண்டு வந்தது?” என்று கேட்டு, சோதனைக்கூடமே சிரித்த வாசம். ஸ்விட்ச் போர்டின் பிளாஸ்டிக் வேகும்போது கருவாட்டு வாசம்தான் வரும்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

“அடுப்பு இப்ப எரியுதா?” என்றார் அப்பா.

“எரியுது. ஏன்?”

அப்பா ஓடினார். முழங்கால் வலி என்று படியில் பக்கவாட்டாக இறங்குகிற மனிதர், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினார். சின்னவள் அவரைத் தாண்டி ஓடினாள். ஆறு வீடு அறுபது வீடாக நீண்டது. கம்பவுண்டர் தன் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பாரும்மா, நீயே வந்து மோந்து பாரு, யார் வீட்டு...” என்று தொடங்கியது காதில் விழுந்தது.

தையல்காரம்மா வீட்டு அடுப்படி வாசலில் புகை இடுப்பளவுக்குத் தொங்கியது. உள்ளே மேடையில் அடுப்பு சாதுவாக உட்கார்ந்திருந்தது, பால் பொங்கி வழிந்திருந்தது. தீ அடுப்பில் இல்லை. மேடைக்கு அடியில், எக்ஸ்டென்ஷன் பெட்டி செருகியிருந்த சுவர்ப் பலகையில் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில், விரல் நீளத்தில், நாக்கைச் சுழற்றிக்கொண்டு. அதற்கு அரை அடி தள்ளி, தைத்து முடித்த துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள் அந்த மகராசி. மூட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் இரவு வேலை முடித்து வந்த அவள் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்த தையல்காரம்மா, “ஐயோ!” என்று குடத்தைத் தூக்கினாள்.

“ஊத்தாதீங்க!” சின்னவள் கத்திய கத்தலில் தொண்டை கிழிந்தது. “அத்த, தண்ணி ஊத்தாதீங்க, கரண்ட் இருக்கு!”

குடம் அந்தரத்தில் நின்றது. கொஞ்சம் தண்ணீர் தளும்பி அவள் காலில் விழுந்தது. அந்தத் தண்ணீர் பலகையை நோக்கி ஓடுமா, பாத்திரம் கழுவும் பக்கம் ஓடுமா என்று சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மேடையோரமாகவே நின்றது.

“அப்பா, கட்டைய இழுங்க!”

கூடத்தில் அப்பா ஏற்கெனவே மேசை மேல் ஏறியிருந்தார். டக் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க எல்லாம் ஓய்ந்தது. மூட்டையைக் காலால் உதைத்துத் தள்ளினாள் சின்னவள். மாவு ஜாடிக்கும் டப்பாவுக்கும் நடுவே, ஓரம் தைக்க வந்திருந்த ஒரு தடித்த கம்பளம் மடித்துக் கிடந்தது. அதை உதறி, பலகை மேல் வைத்து அழுத்தினாள். அடியில் ஏதோ சீறியது. கம்பளம் வழியாகச் சூடு உள்ளங்கையில் ஏறியது. எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தாள். எதை எண்ணினாள், எத்தனை வரை எண்ணினாள் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா வந்து அவள் தோளைத் தொட்டு, “போதும்மா, அணஞ்சிடுச்சு” என்றபோதுதான் கையை எடுத்தாள்.

கதவு திறந்தது. புருஷன்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “ஃபேன் ஏன் நின்னுச்சு?” என்று கேட்டார்.

தையல்காரம்மா அவரைப் பார்த்தாள். கருகிய சுவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “சாமி மாதிரி வந்தீங்கண்ணே. நீங்க இல்லன்னா இந்த மனுஷன் தூக்கத்துலயே போயிருப்பாரு. எப்படிண்ணே பத்திச்சு?”

இப்போது சொல்வார் என்று சின்னவள் நினைத்தாள். சொல்லிவிடுவார். இதைவிட நல்ல நேரம் வராது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். “மட்டமான அடுப்பும்மா. இப்ப வர்றதெல்லாம் இப்படித்தான். ப்ளக் தரமில்ல.”

“அந்தக் கடைக்காரன் நாசமாப் போவான்!”

“இந்தப் பலகைய நாளைக்கு மாத்திடறேன். அதுவரைக்கும் கூடத்துப் பாயிண்ட்ல செருகிக்கங்க.” சொல்லிவிட்டு, கருகிய பலகைக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, அப்பா மேசை மேல் ஏறினார். கையிலிருந்த கட்டையை, அதே மூன்று இழை முறுக்கோடு, பெட்டிக்குள் திருப்பி அழுத்தினார். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. பெட்டியை மூடும்போது மகளை ஒரு பார்வை பார்த்தார். அந்த மாதிரி அவர் யாரையும் பார்த்து அவள் கண்டதில்லை. கெஞ்சல்.

அந்த ஒரு பார்வையில் அவள் தோற்றாள். வாயில் வந்ததை விழுங்கினாள். அடுப்பை எடுத்து இடுக்கிக்கொண்டாள். “அத்த, இத லேப்ல பாத்துட்டுத் தரேன். இன்னிக்கு எதையும் செருகாதீங்க. குக்கர், கெட்டில் எதுவும். எங்க வீட்லேருந்து சோறு வரும்” என்று மட்டும் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வாய்க்குள் கசந்தது. தானும் பொய்யில் பங்குக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் அடுப்பைப் புரட்டிப் பார்த்தாள். அதே வகையை அவளுடைய மேசையில் இரண்டு வாரம் விடாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. தேறியது என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அடுப்பு ஒரு பாவமும் அறியாது. வாங்கியவர்களும் அறியார்கள். அறிந்தவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், நொண்டியபடி, வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், “ஒண்ணுமில்ல, சின்னப் புகை” என்று சொல்லிக்கொண்டு. ஒவ்வொரு வாசலிலிருந்தும் தாளிக்கிற சத்தம் வர ஆரம்பித்திருந்தது. மணி பதினொன்று. இன்னும் அரை மணியில் எல்லா வீட்டிலும் அடுப்பும் குக்கரும் ஒன்றாக ஏறும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா சொன்னார். “ஒரு வாரம் குடு. சர்வீஸ்னு சொல்லி ஒவ்வொரு வீடாப் போய் மாத்திடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“ரெண்டு வருஷத்துல நாலு. ஒரு வாரத்துல பதினாலா?”

“நீயும் கூட வா. சேர்ந்து செய்யலாம்.”

“செய்யலாம். ஆனா சொல்லிட்டு செய்யலாம். மாத்தற வரைக்கும் அவங்க ஒவ்வொண்ணாத்தான் போடணும்ப்பா. எக்ஸ்டென்ஷன் பெட்டியில செருகக் கூடாது, சுவத்த தொட்டுப் பாக்கணும், கருவாட்டு நாத்தம் வந்தா மெயின இறக்கணும். ஏன்னு சொல்லாம இதையெல்லாம் யார் கேப்பா? ஃபியூஸ் காப்பாத்தும்னு நம்பிட்டு இருக்காங்க. அது காப்பாத்தாதுன்னு தெரிய வேண்டாமா?”

“தெரிஞ்சா ஒருத்தன் என்னைய வீட்டுக்குள்ள விடுவானாடி?” அப்பாவின் குரல் உடைந்தது. “இருபத்தஞ்சு வருஷம். கரண்ட்டண்ணன்னு கூப்பிட்ட வாயால என்ன சொல்வாங்க?”

“ஊர் சிரிக்கும்டி,” என்றாள் அம்மா. “அந்தக் கம்பி முறுக்கின கைதான் உனக்கு ஃபீஸ் கட்டுச்சு. அந்தப் படிப்ப வச்சு அவர் தலையிலயே கல்லப் போடறியா? தையல்காரி வீட்டுல அணைச்சாச்சுல்ல? கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகலல்ல?”

“அவங்க கருவாட்டுக்கு சண்ட போட வந்ததால ஆகல. கடவுளுக்கு இன்னும் பதிமூணு வீட்டுல சண்ட மூட்ட நேரம் இருக்குமாம்மா?”

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். தோளில் குழந்தை, கையில் மெத்தை, கக்கத்தில் பால் பாட்டில் கொதிக்கவைக்கும் பாத்திரம். யாரையும் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி, குழாயடிக்குப் பக்கத்தில் நிழல் இருந்த இடத்தில் மெத்தையை விரித்தாள். குழந்தையைப் போட்டாள். பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“வெயில் ஏறும், உள்ள வாடி,” என்றாள் அம்மா.

“நான் அந்தச் சுவத்துக்குக் கீழ எம்புள்ளய போட மாட்டேம்மா,” என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாக மடித்த பேப்பர் அவருக்கு அடியில் நசுங்கியது. சின்னவளுக்கு அவர் மேல் அத்தனை கோபம், அத்தனை பாசம். அவரை இப்போது கட்டிப்பிடித்தால் வெளியே போக முடியாது என்று தெரிந்தது. ஆகவே கட்டிப்பிடிக்கவில்லை.

“என்ன சொல்லப் போற?” என்றார் அவர், தரையைப் பார்த்து.

“மெயின இறக்கச் சொல்வேன். நாளைக்குக் கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம்னு சொல்வேன், எல்லா வீட்டையும் பாக்கச் சொல்லி. அதுவரைக்கும் எது போடலாம், எது கூடாதுன்னு சொல்வேன்.”

“ஃபியூஸ யார் அப்படிக் கட்டினதுன்னு கேப்பாங்க.”

“கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்ப்பா. கேட்ட பிறகு சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். தையல்கார அத்தைக்குத்தான் முதல்ல. அவங்ககிட்ட பொய்யும் சொல்லிட்டோம்.”

“என்னோட கூடப் பொறந்தவ மாதிரி அவ.”

“அதனாலதான்.”

அம்மா, “போகாதடி, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டு யோசி” என்றாள். யோசிக்க ஒன்றும் பாக்கி இல்லை. கம்பளத்தை அழுத்திக்கொண்டு எண்ணிய நேரத்திலேயே எல்லாம் முடிவாகிவிட்டது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. தையல்காரம்மாவின் முகம் மாறப்போவதை நினைத்தால், தீயை நினைத்ததைவிடக் கூடுதலாகவே பயமாக இருந்தது.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.